கோட்டின் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு தவறான பதிலிலிருந்து பிறந்தது. அந்தப் பதிலைச் சொன்னவன் நான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஆரம்பித்து நாலாவது வரியில் மாட்டிக்கொள்கிற ரகம் என்பதால், குற்றத்தை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மின்கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. கையேடு எழுதுவேன். துளைபோடும் மிஷினோ மரம் அறுக்கும் மிஷினோ வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் எட்டாக மடித்த தாள் ஒன்று இருக்குமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போடுவார்களே, அது நான் எழுதியது. பதினான்கு வருடமாக எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு மிஷினையாவது கையில் பிடித்து ஓட்டியிருக்கிறேனா என்று கேட்காதீர்கள், அது மூன்றாம் பகுதியில் வரும்.

ஆள் குறைவான அலுவலகம். அதனால் மதியத்தில் இரண்டு மணி நேரம் வாடிக்கையாளர் தொலைபேசியையும் நான்தான் எடுக்க வேண்டும். எழுதினவனே பதிலும் சொல்லட்டும் என்பது மேலாளரின் சித்தாந்தம். ஏழு மாதத்துக்கு முன்பு அப்படி ஒரு மதியம் ஒரு பெண் கூப்பிட்டார். பதினோரு நிமிடம் பேசினார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பதில் தப்பு என்பது எட்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. திருத்திச் சொல்ல அவர் எண் என்னிடம் இல்லை. எங்கள் அலுவலகத் தொலைபேசி, அழைத்தவர் எண்ணைக் காட்டாத பழைய கறுப்புப் பெட்டி. ஊர் தெரியாது, தெரு தெரியாது. மிஷின் வாங்கியவர்கள் நிரப்பி அனுப்பும் உத்தரவாத அட்டைகளை மூன்று நாள் புரட்டிப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் அட்டையைப் பூர்த்தி செய்து அனுப்பவே இல்லை போலிருக்கிறது. (யார்தான் அனுப்புகிறார்கள்? நானும் அனுப்பியதில்லை.)

வேறு வழி இல்லாமல் கதை எழுதுகிறேன். கதை எங்கெங்கோ போகும் என்பார்கள். ஒரே ஒரு வீட்டுக்குப் போனால் எனக்குப் போதும்.

2

தொடக்கங்கள்.

"கதவு சுவரில் சாய்ந்திருந்தது, ஒரு

இதை இங்கேயே நிறுத்திவிட்டேன். 'ஒரு' என்று எழுதியதுமே அடுத்து உவமை வரப்போகிறது என்று தெரிந்துபோயிற்று. கதவு கதவாகவே சாய்ந்திருக்கட்டும்.

"வட்ட ரம்பம் என்பது, மின்மோட்டாரால் சுழலும் பல் வைத்த தகட்டைக் கொண்டு மரத்தை நேர்கோட்டில் அறுக்கப் பயன்படும் கருவியாகும்."

இது கையேட்டின் முதல் வரி. தொட்டில் பழக்கம் மாதிரி இது தொழில் பழக்கம். என் மனைவி படித்துவிட்டு, "கதைய 'ஆகும்'னு ஆரம்பிச்சா எவன் அடுத்த வரிக்கு வருவான்?" என்றாள். இந்தக் கதையை எழுதும்போதே படிக்கிற ஒரே ஆள் அவள்தான். படிப்பாள் என்பதை விட, பிடித்துப் பிடித்து உலுக்குவாள் என்பது சரி.

மூன்றாவது தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன்:

தையல் மிஷினில் உட்கார்ந்தால் அந்தக் கோடு அவளுடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சுவரை ஒட்டி நீளவாக்கில் படுக்கவைத்துச் சாய்த்திருந்த கதவில், ஒரு முனையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, மேலிருந்து கீழாக ஓடிய பென்சில் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், மிஞ்சியிருந்த குறுகிய பட்டையில், ஒரு பெருக்கல் குறி. நாலு வருடமாக அவள் அந்தக் கதவைத் தினமும் துடைத்தாள். அந்த முனையில் மட்டும் துணியை ஓட்டமாட்டாள், வாயால் ஊதுவாள்.

அது படுக்கையறைக் கதவு. அவள் கணவன் டைல்ஸ் போடுகிறவன். ஊருக்கெல்லாம் தரை போட்டவன் தன் வீட்டுத் தரையைக் கடைசியில்தான் போட்டான். நாலு வீட்டில் மிஞ்சிய டைல்ஸைக் கொண்டுவந்து பழைய தரையின் மேலேயே ஒட்டியதால் அந்த வீட்டில் ஒரு அறைக்கு நாலு நிறம். தரை ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. வேலைக்காகக் கழற்றி வைத்திருந்த கதவைத் திரும்ப மாட்டப் போனால் நிலையில் ஏறவில்லை. "அடியில கொஞ்சம் அறுத்தா சரியாயிடும்" என்று அதற்கென்றே ஒரு வட்ட ரம்பம் வாங்கினான். அளவெடுத்துக் கோடு போட்டான். வேண்டாத பக்கம் எது என்று தெரிய பெருக்கல் போட்டான். டைல்ஸில் வெட்டி எறியும் துண்டுக்கு அவன் போடுகிற அதே குறி.

அன்று மாலையே வெளிநாட்டு வேலைக்கு உத்தரவு வந்தது. மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவன், "கதவ நான் வந்து அறுத்துக்கறேன். நீ அது மேல கை வைக்காத" என்றான். ரம்பம் அது வந்த அட்டைப்பெட்டிக்கே திரும்பிப் போனது. கதவு நிலையில் அவள் ஒரு திரைச்சீலை தைத்து மாட்டினாள். இப்போது தொங்குவது நாலாவது திரை.

3

வாக்குமூலத்தின் இரண்டாம் பாகம். மேலே எழுதியதில் எது கேட்டது, எது நானாகக் கட்டியது?

கேட்டது: கதவு, தரை, கோடு, பெருக்கல் குறி, நாலு வருடம், தையல். நாலு நிறத் தரையும் அவர் சொன்னதுதான். வாயால் ஊதுவது நான் சேர்த்தது. நாலாவது திரை, சத்தியமாக, நான் சேர்த்தது. (ஆனால் தையல்காரி ஒரே திரையை நாலு வருடம் தொங்கவிடுவாரா? மாட்டார். ஆகவே உண்மைதான்.)

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மதியம் வரை நான் எந்த ரம்பத்தையும் கையால் தொட்டதில்லை. ஆங்கிலத் தாளைப் பார்த்து எழுதுவேன், படத்தைப் பார்த்து எழுதுவேன், பொறியாளர் சொல்வதைக் கேட்டு எழுதுவேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

4

பதினோரு நிமிடம்.

"சார், உங்க மிஷின் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. மரம் அறுக்கற வட்ட மிஷின். நாலு வருஷமா பெட்டியிலயே கெடக்கு. இப்ப ஓடுமா?"

"ஓடும்மா. வயர எலி கடிக்காம இருந்தா ஓடும்."

"துணி வச்சிருக்கற வீடு சார் இது. எலிய விட்டுவைப்பேனா?"

"என்ன அறுக்கணும்?"

"ஒரு கதவு. அடியில ஒரு விரக்கடை."

"கார்பெண்டர் யாரையாவது கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிடுவாரேம்மா?"



"நீங்களும் அதையேதான் சொல்றீங்க."

"வேற யாரு சொன்னாங்க?"

"எங்க வீட்டுக்காரரு. போன ஞாயித்துக்கெழம."

அப்புறம் சொன்னார். கேட்காமலேயே சொன்னார், முகம் தெரியாதவனிடம் சொல்வது சில சமயம் சுலபம். கணவர் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பேசுவாராம். முதல் வருடமெல்லாம் எடுத்ததும் முதல் கேள்வி, "கதவு அப்படியேதான் இருக்கா?" இவர், "அப்படியேதான் இருக்கு." அது அவர்களுக்குள் நலம் விசாரிப்பதாகவே ஆகிவிட்டது. இரண்டாம் வருடம் அந்தக் கேள்வி பேச்சின் நடுவுக்குப் போனது. மூன்றாம் வருடம் ஒன்று விட்டு ஒரு வாரம். நாலாம் வருடம் கேட்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை இவராகவே, "கதவு அப்படியேதான் இருக்கு" என்றிருக்கிறார். அவர், "இன்னுமா? யாரையாவது கூப்பிட்டு அறுத்துக்கோயேன்" என்றாராம்.

"அவரு சொன்னது சரிதான் சார். யாரோ வந்து அறுக்கறதுக்கு நானே அறுத்துக்கறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'யோசிச்சுக்கங்கம்மா' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் கையேட்டை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொள்ளவும். தளர்வான உடை கூடாது. ("லூசா தைக்கறது எனக்குப் பழக்கமே இல்ல.") மரம் ஆடாமல் கட்டவும். வயர் பின்னால் இருக்கட்டும். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே மரத்தைத் தொடவும். மிஷினுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நிற்கவும். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"சார், ஒண்ணு. துணியில நாங்க கோடு போட்டா, கோட்டுக்கு வெளிய தையலுக்கு எடம் விட்டுத்தான் வெட்டுவோம். மரத்துல எப்படி? பிளேடு கோட்டு மேலயா, தள்ளியா?"

எவ்வளவு சரியான கேள்வி பாருங்கள். நான் ஆறாவது விதியைப் படித்தேன்: பிளேடைக் குறியிட்ட கோட்டின் மேல் வைத்து நேராகத் தள்ளவும்.

"கோட்டு மேலயே வச்சுத் தள்ளுங்கம்மா."

"அப்ப கோடு போயிடுமா?"

"போகத்தாம்மா போகும். தூளாயிடும்."

தூரத்தில் யாரோ ஒரு குழந்தையை அதட்டும் சத்தம், அவர் தெருவாக இருக்க வேண்டும். பிறகு, "சரிங்க."

அழைப்புப் பதிவேட்டில் எழுதினேன்: 'வட்ட ரம்பம். பயன்பாட்டு ஐயம். தீர்வு அளிக்கப்பட்டது.'

5

கதையில் எனக்கு நம்பிக்கை வராத ஆள் கணவன்.

அவனை வில்லனாக்கிவிட்டால் எனக்குச் சுலபம். அங்கே வேறொரு வீடு, வேறொரு கதவு என்று இரண்டு வரி போதும், வாசகர்கள் தலையசைப்பார்கள். எழுதிப் பார்த்தேன்: "அந்த ஊரில் அவன் தங்கியிருந்த அறையின் ஜன்னலில் ஒரு பெண்ணின்

அடித்துவிட்டேன். ஒரு மனிதனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவன் போட்ட ஒரு கோடும் ஒரு குறியும். கையேட்டை நம்பாமல், வேண்டாத பக்கத்தில் பெருக்கல் போட்டு வைத்துவிட்டுப் போனவன். அவ்வளவு கவனமானவன் மேல் அபாண்டம் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

எதிர்ப்பக்கமும் எழுதிப் பார்த்தேன். எட்டுப் பேர் படுக்கும் அறை, அடுக்குக் கட்டில், சட்டைப்பையில் கோடு போட்ட அதே பென்சில், தேய்ந்து கட்டைவிரல் அளவாகி—

பென்சிலை எடுத்துவிடுகிறேன். நாலு வருடம் எவனும் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்திருக்கமாட்டான்.

மிஞ்சுவது இதுதான். வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் நீள்கிறது. எப்போது வருவேன் என்று சொல்ல முடியாதவன், வருவேன் என்று சொல்வதையும் நிறுத்திக்கொள்கிறான். திரைக்குப் பின்னால் தூங்குகிறாளே என்று அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். 'யாரையாவது கூப்பிட்டு அறுத்துக்கோ' என்றது அக்கறையாகவும் இருக்கலாம். அக்கறையா, கைகழுவலா? அவளுக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்கு எதற்குப் போன் செய்கிறாள்?

அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கும் வேலை என்று மிச்சம் இருப்பது அந்தக் கதவு மட்டும். அதை அறுத்துவிட்டால், அவன் வர வேண்டிய காரணத்தில் ஒன்று குறைந்துபோகும். அறுக்காவிட்டால், அவனே வேண்டாம் என்று விட்ட ஒன்றை இவள் மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.*

* இந்த வாக்கியத்தை எழுதியபின் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கதைக்குத் தேவையில்லாத தகவல். ஆனாலும் நடந்தது.

6

எங்கள் கிடங்குக்கு அடுத்த கொட்டகையில் கப்பலில் போகும் சரக்குகளுக்கு மரப்பெட்டி அடிக்கிறார்கள். அடிப்பவள் ஒரு பெண், முப்பது வயதுக்குள். எல்லாரும் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். மரத்தூள் புருவத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த அழைப்புக்கு எட்டாம் நாள், வட்ட ரம்பக் கையேட்டின் மறுஅச்சுக்கு ஒரு புகைப்படம் வேண்டும் என்று அவளிடம் போனேன். பழைய தாளைக் கையில் கொடுத்து, "இதுல ஆறாவது விதி, அத செய்யற மாதிரி நில்லும்மா" என்றேன்.

படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இத எழுதின மகராசன் யாரு சார்?"

"ஏன்?"

"மரத்த கண்ணால பாத்திருக்காரா அவரு?"

"சொல்லும்மா. என்ன தப்பு?"

ஒரு பலகையை இழுத்துப் போட்டாள். பென்சிலால் ஒரு கோடு. ஒரு பக்கம் பெருக்கல்.

"பிளேடு என்ன கத்தியா, கோட்ட பிளந்துட்டுப் போக? அதுக்கு ஒரு கனம் இருக்கு. அந்தக் கனத்த மரத்துலேர்ந்து தின்னும். கோட்டு மேல வச்சா கோட்டத் தின்னு, நல்ல பக்கத்துலயும் கொஞ்சம் தின்னுடும். அளவு போச்சு. கோடு நம்மளுது சார். பெருக்கல் போட்ட பக்கம் மிஷினுக்கு. அங்க வச்சு, கோட்ட தொட்டும் தொடாம ஓட்டணும். அறுத்து முடிச்சப்புறம் கோடு மரத்துல இருக்கணும். இருந்தா வேலை சுத்தம்."

"கோடு போகாதா?"

"போனா அவனுக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்."

நாலு வருடமாகக் கதவில் இருந்த பெருக்கல் குறி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தையல்காரியின் கணவன் பதிலை எழுதியே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளும் பாதி பதிலைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டாள். நடுவில் நான் ஒருத்தன் நுழைந்து தூளாயிடும் என்றிருக்கிறேன்.

"நான் அறுத்துப் பாக்கட்டுமா?" என்றேன்.

பெட்டிக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கழுத்துல தொங்கற அட்டைய மொதல்ல கழட்டுங்க. சுத்திக்கும்."

மிஷின் நான் எழுதியதை விடக் கனமாக இருந்தது. ஒரு நேர்க்குச்சியைப் பலகையில் கட்டி, அதில் உரசிக்கொண்டே போகச் சொன்னாள். சுவிட்சை அழுத்தியதும் கை முழுக்க அதிர்ந்தது. "இருங்க, வேகம் எடுக்கட்டும்… இப்ப." பிளேடு மரத்தைத் தொட்டதும் சத்தம் மாறியது. நான் அவசரப்பட்டுத் தள்ளினேன். மிஷின் என் பக்கம் ஒரு துள்ளு துள்ளியது. அவள் என் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். "தள்ளாதீங்க. அது போற வேகத்துல நீங்க கூடப் போங்க. எங்க ஓடிடப் போகுது?"

இரண்டாவது தடவை சரியாக வந்தது. துண்டு தானாகக் கழன்று விழுந்தது. பிளேடு நிற்கும்வரை அவள் என்னை நகரவிடவில்லை. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பில், மயிரிழை மாதிரி, கோடு அப்படியே இருந்தது.

அந்தப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டின் எந்தப் பக்கம் என்பதை நீட்டி முழக்கி விளக்கினேன். அவள் பலகையை வாங்கி விளிம்பை விரலால் தடவினாள்.

"என்னங்க, 'கோடு போயிடுமா'ன்னு கேட்டாளே, அது மரத்தப் பத்தின கேள்வியா?"

நான் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"நீங்க அவளுக்குத் தப்பான அளவு சொன்னது பரவால்ல. 'போகத்தான் போகும்'னு சொன்னீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல."

7

அன்றிலிருந்து மதியத் தொலைபேசியை முதல் மணியிலேயே எடுக்கிறேன். மேலாளர் மகிழ்ச்சியில் இருக்கிறார், எனக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார். எடுத்ததும் பேசமாட்டேன். ஒரு நொடி காது கொடுப்பேன், பின்னால் தையல் மிஷின் ஓடுகிறதா என்று.

மூன்றாம் மாதம் ஒரு நாள் ஓடியது. கடகடவென்று, நின்று, மறுபடி கடகட.

"அம்மா, கோடு போகாது" என்றேன். மூச்சு வாங்கியது. "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. பெருக்கல் போட்ட பக்கமா வச்சு அறுங்க. கோடு போகவே போகாது. கேக்குதா?"

"என்ன கோடு?" என்றது ஓர் ஆண்குரல். "சார், துளை போடற மிஷின் விட்டு விட்டு ஓடுது, அத கேக்கலாம்னு பண்ணேன். சத்தம் கேக்குதா உங்களுக்கு?"

கேட்டது. சுவிட்சில் தூசி அடைத்திருக்கும், ஊதிப் பாருங்கள் என்றேன். என் குரலைக் கேட்டு, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்றார் அந்த நல்ல மனிதர்.

ஆறாவது விதியைத் திருத்திவிட்டேன். புதிய தாளில் இப்படி இருக்கிறது: 'பிளேடைக் கோட்டின் கழிவுப் பக்கத்தில் வைக்கவும். அறுத்தபின் கோடு மரத்தில் மிஞ்ச வேண்டும்.' பொறியாளர் இரண்டாம் வாக்கியம் தேவையில்லை என்றார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை போட்டேன். இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் புதுப் பெட்டிகளில்தான் போகும். அந்த அம்மாவுடையது நாலு வருடம் பழைய பெட்டி.

8

முடிவுகள். மூன்று எழுதினேன், முதல் இரண்டையும் மனைவி உலுக்கினாள்.

அ) தையல்காரி நான் சொன்னபடியே கோட்டின் மேல் வைத்து அறுக்கிறாள். கோடு தூளாகி நாலு நிறத் தரையில் விழுகிறது. கதவு நிலையில் ஏறுகிறது, அடியில் ஒரு நூல் அளவு இடைவெளி கூடுதலாக. கையில் மிஞ்சுவது பெருக்கல் போட்ட பட்டை. அதுவும் அவன் கை எழுதியதுதானே என்று அதைத் தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் மாட்டுகிறாள்.

இது எனக்கு ஆறுதலாக இருந்தது. மனைவி, "வேண்டாம்னு போட்ட குறிய எடுத்து யாராவது மாட்டி வச்சுப்பாங்களா? உங்க மனசு ஆறணும்னு அவள ஏன் பைத்தியமாக்கறீங்க?" என்றாள்.

ஆ) கதவை இரண்டு பெஞ்சின் மேல் கிடத்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவிட்சில் விரல் வைக்கிறாள். பிளேடு முழு வேகம் எடுக்கக் காத்திருக்கிறாள். வாசலில் பெட்டியோடு ஒருவன் வந்து நின்று, 'நிறுத்து, நான்தான்

"அந்த மிஷின் போடற சத்தத்துல அவன் கத்தறது அவளுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள். நியாயம்தான். மேலும், எனக்கு அவன் வர வேண்டும் என்று எவ்வளவு ஆசையோ அவ்வளவுக்கு அவனை என்னால் அந்த வாசலில் நிறுத்த முடியவில்லை. எழுதுகிறவன் நினைத்தால் விமானத்தை இறக்கலாம். இறக்கினால் என்ன? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா நிஜமாகவே போனுக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருப்பார்?

இ) அவள் அறுக்கவில்லை. 'தூளாயிடும்' என்று கேட்டபிறகு ரம்பத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கதவு சுவரிலேயே சாய்ந்திருக்கிறது. ஐந்தாவது திரைக்குத் துணி வெட்டுகிறாள், கோட்டுக்கு வெளியே தையலுக்கு இடம் விட்டு. ஞாயிற்றுக்கிழமை அவன், 'கதவு அறுத்தாச்சா?' என்று கேட்டால், 'ஆச்சு' என்று பொய் சொல்கிறாள்.

இதைப் படித்துவிட்டு மனைவி தாளை மேசையில் வைத்து, அது பறக்காமல் இருக்க என் பலகைத் துண்டை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போனாள்.

இதுதான் நடந்திருக்கும் என்று நான் பயப்படுகிறேன். என் பதிலுக்குப் பயந்து ஒரு பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை என்னால் முடிவென்று எழுத முடியாது. ஆகவே முடிவு எழுதுவதை இத்துடன் விடுகிறேன்.

9

இனி வருவது கதை இல்லை. மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். மிஷினுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

அம்மா, ஏழு மாதத்துக்கு முன் மதியத்தில் உங்களோடு பேசியவன் நான். நீங்கள் ஏற்கெனவே நான் சொன்னபடி அறுத்துவிட்டிருந்தால், அந்தப் பழைய எண்ணுக்கே கூப்பிட்டுத் திட்டுங்கள். முழுக்கக் கேட்பேன், பதிவேட்டில் 'தீர்வு அளிக்கப்பட்டது' என்று எழுதமாட்டேன்.

அறுக்கவில்லை என்றால் இதைக் கேளுங்கள். இப்போது ஒரு தடவை கையால் செய்தவனாகச் சொல்கிறேன். கதவைக் கோடு மேலே தெரியும்படி கிடத்துங்கள். பிளேடு கீழிருந்து மேலாக அறுப்பதால் சிராய் எல்லாம் மேல்பக்கம்தான் கிளம்பும், வெளியில் தெரிகிற நல்ல பக்கம் அடியில் இருக்கட்டும். பிளேடின் ஆழத்தைக் குறைத்து வையுங்கள், மரத்துக்குக் கீழே ஒரு பல் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். ஒரு நேர்க்குச்சியைக் கட்டிக்கொள்ளுங்கள். அதைக் கட்டும்போதே பிளேடின் கனத்தைக் கணக்குப் பார்த்துக் கட்டுங்கள், தையலுக்கு இடம் விடுவது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கனம் முழுக்கப் பெருக்கல் குறி இருக்கிற பக்கத்தில் விழ வேண்டும். கோட்டைத் தொட்டும் தொடாமல். வேகம் எடுக்கும்வரை பொறுங்கள். தள்ளாதீர்கள், கூடவே போங்கள். கடைசியில் அந்தப் பட்டையைப் பிடிக்காதீர்கள், விழட்டும். பிளேடு நிற்கும்வரை அசையாதீர்கள்.

கதவை மாட்டியபின் கோடு எங்கே என்று தேடுவீர்கள். அடி விளிம்பில், தரைக்கு ஒரு இழை மேலே இருக்கும். நின்றால் தெரியாது. வருகிறவர் யாருக்கும் தெரியாது. நீங்கள் என்றாவது தரையில் குனிந்து துடைக்கும்போது மட்டும் கண்ணில் படும்.

அறுக்கலாமா, வேண்டாமா, அவர் வருவாரா, அந்த வார்த்தை அக்கறையா, கைகழுவலா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு முறை பேசியதே போதும். அதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், எழுத எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கான பதிலை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

"அப்ப கோடு போயிடுமா?"

போகாதும்மா.